லோக்கல் சேனலில் என் காலைப் பத்து நிமிஷம்

ஊரை எழுப்பிவிடும் வேலையில் இருக்கிறவர் முகத்தில் தூக்கம் தெரியவே கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பி, ஒரு பதிலும் வராமல் தவிக்கிற அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு மாடியறைதான் எங்கள் கேபிள் சேனல். அதில் காலைப் பத்து நிமிஷம் என்னுடையது. இன்றைய சொல், இன்றைய சிந்தனை, வரலாற்றில் இன்று, பிறந்தநாள் வாழ்த்து என்று உற்சாகத்தில் குதித்துக்கொண்டே பேசுவேன். எனக்கு அது உயிர். அதற்குத்தான் மே மாதக் கடைசி வாரம் ஆபத்து வந்தது. அந்த நேரத்தை ஒரு ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்துக்குக் கேட்கிறார் என்றார் முதலாளி சலீம் பாய். ஒரு வாரம் பார்ப்பாராம். ஊரில் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நான் இருக்கலாம், இல்லாவிட்டால் புடவைதான்.

நிதானம்

முதல் நாள் சொல் ‘நிதானம்’. அவசரப்படாமல் செய்வது என்று பொருள் சொன்னேன். மறுநாள் ஓர் ஆட்டோக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். அந்தச் சொல்லை ஸ்டிக்கராக வெட்டி வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் பாயைக் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினேன். ஆட்டோக்காரர் சொன்னார்: “நல்ல வார்த்தைதாங்க மேடம். எழுத்துதான் சின்னதா போச்சு. பின்னாடி வந்தவன் இன்னான்னு படிக்க வேகமா கிட்ட வந்து இடிச்சிட்டான்.”

இன்றே தொடங்கு

அடுத்து வந்தவர் செங்கம் சாலையில் மெஸ் நடத்துகிறவர். ஆசிரமத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. ‘நினைத்ததை இன்றே தொடங்கு’ என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன சிந்தனையை அவருடைய தோசை மாஸ்டர் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்தவர் கரண்டியை வைத்துவிட்டுப் போய் எதிர்ப்பக்கமே தள்ளுவண்டி போட்டுவிட்டார். மெஸ்காரர் கோபமாகப் பேசவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்: “நாளைக்கு ஒரு நாளு ‘இருக்கிற எடத்துலயே சந்தோஷமா இரு’ன்னு சொல்லுங்கம்மா. என்கிட்ட இன்னும் ரெண்டு மாஸ்டருங்க இருக்காங்க.”

எவரெஸ்ட்

எவரெஸ்ட் உச்சியில் மனிதர்கள் முதன்முதலாகக் கால் வைத்த நாள் அன்று. நானே ஏறியதுபோல் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். நிகழ்ச்சியைத் தினம் பார்ப்பாராம். பாய்க்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். “அவுங்க சும்மா ஏறினாங்க. எங்க வூட்டுக்காரரு தீபத்துக்கு நெய் டின்ன தூக்கினு நம்ம மலை மேல ஏறினாரு. அவரு பேர எந்த வருஷம் சொல்லுவீங்க?”

ஜூன் ஒன்று

பார்க்கிறார்கள்தான், ஆனால் சண்டைக்கு வருகிறவர்கள் ஜாஸ்தி, வாழ்த்துகிறவர்கள் கம்மி என்று பாய் கணக்கு முடித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. வழக்கமாகக் குழந்தைகள் படம்தான் வாழ்த்துக்கு வரும். கடைசி முயற்சியாக, ஆதார் அட்டையில் பிறந்த தேதி பார்த்து அந்த நாளில் அப்பா அம்மா படத்தை அனுப்புங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டேன்.

கெடுவின் கடைசி நாளான ஜூன் ஒன்றாம் தேதி விடிந்ததும் என் போன் நிற்கவே இல்லை. தோளில் துண்டோடு விவசாயிகள், ஓய்வுபெற்ற கண்டக்டர், பூக்கார அம்மாள் என்று படமாக வந்து குவிந்தது. எல்லோருக்கும் அன்றுதான் பிறந்தநாள். யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பிறந்த தேதி தெரியாமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கால வாத்தியார்கள் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார்கள்.

பத்து நிமிஷம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. பெயர் பெயராக வாசித்தேன். நடுவில் பாயின் மகள் அனுப்பிய படமும் இருந்தது. ‘எங்கள் சலீம் பாய்க்கும் இன்று பிறந்தநாள்’ என்று கத்தியே விட்டேன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு இதுவரிக்கும் யாருமே வாழ்த்து சொன்னதில்லம்மா. தேதி பொய்யா இருந்தா இன்னா? ஜவுளிக்கடைக்காரர சாயங்கால நேரம் எடுத்துக்கச் சொல்றேன்.”

ஒரு வாரம் தொண்டை கிழிய நான் ஊட்டிய உற்சாகத்தால் காப்பாற்ற முடியாத வேலையை, எல்லோருக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போன வாத்தியார்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.