கோஸ் லோரியில் வீடு பார்க்கப் போனோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு மேல்தட்டைப் பிய்த்துக்கொண்டு ஒரு பூனை என் மடியில் விழுந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முகத்தை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தது. வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளியைப்போல எழுந்து, வாசல் வழியாக நடந்து போய்விட்டது.

நாங்கள் இருப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில். என் கணவர் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுக்கிற கடையில் எனக்கு வேலை. வீடு தோட்டத்துடையது. அதனால் மறுநாள் கணவர் ஆபீசுக்குப் போய் மேல்தட்டு விஷயத்தைச் சொன்னார். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி பொறுமையாகக் கேட்டாராம்.

"செஞ்சி குடுத்துறலாம்லா. ஆனா நீங்க ரிட்டயர் ஆனதும் வீட்ட ஒப்படைக்கணுமே, ஞாபகம் இருக்குல்ல?"

எங்களுக்கு அது தெரியும். ஆனால் ஞாபகத்தில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறோம், மகள் அங்கேதான் பிறந்தாள், சுவருக்கு நாங்கள்தான் சாயம் அடிக்கிறோம். தீபாவளிக்குத் தீபாவளி அந்த வீடு எங்களுடையது என்பது எங்களுக்கே உறுதியாகிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் கணவர் மேல்தட்டு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பூனைக்கு எங்க போறதுன்னு தெரிஞ்சிருந்துச்சு பாத்தியா" என்றார். அதற்கப்புறம்தான் வீடு தேட ஆரம்பித்தோம்.

மலையில் எங்களால் வாங்க முடியாது. பிரிஞ்சாங்கில் ஓட்டல் கட்டுகிறவர்களோடு போட்டி போட நாங்கள் யார்? அதனால் கீழே, ஈப்போவுக்கு வெளியே புதிதாக வளர்ந்துவரும் தாமான் ஒன்றில், வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கிற குடியிருப்பில், கண் வைத்தோம். கணவரின் கைப்பேசியில் அதற்கு ஒரு விளம்பரம் இருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், கிளினிக், பிள்ளைகள் விளையாட பூங்கா, குடும்பத்துக்கு ஏற்ற சூழல். கடைசி வரிசை வீடுகளுக்கு மட்டும் 'நீரோடைக் காட்சி' என்று போட்டிருந்தது. கணவர் அந்த இரண்டு வார்த்தைகளில் விழுந்துவிட்டார். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேச்சு. ஓடையில் மீன் இருக்குமா என்று மகள் கேட்டாள். "இல்லாம?" என்றார்.

பார்க்கப் போவதாக இருந்த சனிக்கிழமை எங்கள் காடி வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. என் அண்ணன் லோரி டிரைவர். கியா பார்ம் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி ஈப்போ பாசாருக்குக் கொண்டுபோகிறவர்.

"நான் போற பக்கந்தானே, ஏறுங்க" என்றார். "பாசார்ல பாதிய எறக்கிட்டு வீட்டப் பாப்போம். மிச்ச கோஸு கல்யாணச் சமையல்காரருக்கு. அவருக்குப் பொழுதுசாயக் குடுத்தாப் போதும்."

முன்சீட்டில் மூன்று பேருக்குத்தான் இடம். மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். சிம்பாங் பூலாய் ரோட்டில் இறங்க இறங்க காது அடைத்தது, பிறகு வேர்த்தது. பாசாரில் இறக்கிவிட்டு தாமானுக்கு வந்தபோது மூன்று பேரும் ஆவியில் வைத்து எடுத்த கொழுக்கட்டைபோல இருந்தோம். பார்வைக்கென்று வைத்திருந்த மாதிரி வீட்டுக்கு நேர் எதிரே அண்ணன் லோரியை நிறுத்தினார். பின்னால் கூடை கூடையாக முட்டைக்கோஸ்.

வீடு விற்கிற கம்பெனியின் பெண் ஒருத்தி எங்களை வரவேற்றாள். நம் தமிழ்ப் பெண்தான், கறுப்பு கோட்டு போட்டிருந்தாள். அந்த வெயிலில் கோட்டு போட முடிகிறதே என்று எனக்கு அவள்மீது மரியாதை வந்தது.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. ஷூ கழட்டிட்டு வாங்க."

மாதிரி வீட்டில் எல்லாமே அழகாக இருந்தது, எதுவுமே உண்மையாக இல்லை. டிவி அட்டை. மேசைமேல் இருந்த ரொட்டி பிளாஸ்டிக். அண்ணன் ஒரு ஆப்பிளை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, குழந்தையை அடித்துவிட்டவர்போல மெதுவாகத் திருப்பி வைத்தார். "மொகம் கழுவிட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

கணவர் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். தொழிற்சாலையில் மெஷினுக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, அவர் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். அதைக் கால்சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. ஹாலின் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"உள்ளுக்குச் சத்தம் வருது" என்றார்.

"அங்கிள், புது சுவர் அங்கிள். உள்ள ஒண்ணும் இல்ல."

"இல்லமா, நல்லா கேக்குது."

"என்னாங்க சத்தம்?" என்று கேட்டேன்.

அவர் கைப்பிடியில் இன்னொரு தரம் காதை வைத்தார். "யாரோ என்னைய மாப்ளன்னு கூப்புடுறாங்க."

அண்ணன் குளியலறையில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே குழாயில் தண்ணீர் இல்லை, வெளியே வரத் திருப்பிய கைப்பிடி கையோடு கழன்றுவிட்டது. பார்ப்பதற்கு மட்டும் வைத்த கதவு, அதை யாராவது பூட்டுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தப் பெண் மேஸ்திரியைக் கூப்பிட ஓடினாள்.

"லோரியில டூல் பாக்ஸ் இருக்கு. சீட்டுக்கு அடியில. ஓடிப்போய் எடுத்துட்டு வா" என்றார் கணவர்.

நான் லோரிக்குப் போனபோது அங்கே கூட்டம். நைட்டிமேல் துண்டு போட்டிருந்த ஒரு அக்கா கோஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிற வயதில் ஒரு மலாய்க்கார அம்மா, சைக்கிளோடு ஒரு சீன அங்கிள்.

"எப்படிமா கோஸு?" என்றார் அக்கா.

"இது விக்க இல்லக்கா. நாங்க வீடு பாக்க வந்தோம்."

"வீடு பாக்க வர்றவங்க கோஸோடயா வருவாங்க?"

விளக்க ஆரம்பித்தேன். பூனையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மக்சிக்குக்காக மலாயிலும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் சீன அங்கிள் இரண்டை எடுத்து சைக்கிள் கூடையில் வைத்து, நோட்டை என் கையில் திணித்துவிட்டார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் கடையில் வேலை செய்கிறவள். முன்னால் ஆள் நின்றால் கை தானாக நீளும். கொஞ்ச நேரத்தில் நான் லோரிமேல் ஏறி நின்று, வெளி இலையை உரித்து, "இது மலையில காலையில வெட்டினதுக்கா" என்று கூவிக்கொண்டிருந்தேன். டூல் பாக்ஸ் சுத்தமாக மறந்துபோனது.

கணவர் தேடிக்கொண்டு வந்தார். "டூல் பாக்ஸ் எங்க?"

"இந்தப் பைய புடிங்க."

பிடித்தார். அடுத்த பையையும் பிடித்தார்.

"அண்ணன்?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்காரு. ஜன்னல் இருக்கு, காத்து வருது, நீங்க மொதல்ல வீட்டப் பாருங்கன்னு சொல்றாரு."

வாங்கினவர்கள் யாரும் போகவில்லை. புதிதாகக் குடிவரப்போகிறவர்களைப் பார்க்கிற ஆவல். அக்காதான் கேட்டார், "எந்த வீடு பாக்குறீங்க?"

கணவர் நிமிர்ந்தார். "கடைசி வரிசை. நீரோடைக் காட்சி."

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு அவர் துண்டு குலுங்கியதில் தெரிந்தது. "வாங்க, காட்டுறேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் பின்னால் போனோம். மக்சிக் லோரியைப் பார்த்துக்கொண்டார்.

நீரோடை என்பது லோங்காங். மழைத்தண்ணீர் போக சிமெண்டில் கட்டிய, ஒரு காடியே விழுந்துவிடக்கூடிய பெரிய சாக்கடை. நடுவில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். அதன் கரையில் ஒரு முதலைக்குட்டி அளவுக்கு உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நாக்கை நீட்டியது.

"பெரிய மழைன்னா தண்ணி ரோட்டுக்கு ஏறிடும்" என்றார் அக்கா. "அதவிட வெயிலு. இந்த வரிசைக்கு நேரா மேற்கு. நாலு மணிக்கு மேல சுவத்துல தோச ஊத்தலாம்."

கணவர் லோங்காங்கின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார். பாவமாக இருந்தது. "காட்சின்னு சொன்னது பொய் இல்ல" என்றார் கடைசியில். "காட்சி இருக்கு."

திரும்பி வரும்போது அண்ணனை விடுவித்திருந்தார்கள். மேஸ்திரி கதவையே கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தார். அண்ணன் சட்டை உடம்போடு ஒட்ட, கையில் இன்னும் அந்தக் கைப்பிடியோடு, லோரியின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, என் கோஸு எங்க?"

"வித்துட்டேண்ணே."

"அது கல்யாணத்துக்கு!"

"நீங்க உள்ள இருந்தீங்க, நான் யாரக் கேக்கறது?"

சமையல்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டார். "இல்லண்ணே, உங்க கோஸு வர்ற வழியில வீடு பாக்கப் போயிருச்சு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. பாசாருக்குத் திரும்பிப் போய், இன்னொருவர் ஏற்றிவந்த கோஸை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் லோரி ஓரமாக வந்தாள். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். மிச்சமிருந்த ஒரு கோஸைக் காட்டி, "இது இருக்கா ஆன்ட்டி?" என்றாள். சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் இங்கதான் வாடகைக்கு இருக்கேன். அந்த அக்காவோட வரிசையில ஒரு டீச்சர் ஜொகூருக்கு மாத்தலாகிப் போறாங்க. வீட்ட விக்கிறாங்க. காத்து நல்லா வரும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஆன்ட்டி, இங்க என் வேல போயிரும்."

அந்த டீச்சர் வீட்டைத்தான் வாங்கினோம். பேங்க் கடனுக்கு அலைந்த கதையைச் சொன்னால் அழுகை வரும், அதனால் விட்டுவிடுகிறேன். இந்தத் தடவை கணவர் எந்தச் சுவரிலும் காது வைக்கவில்லை. டீச்சர் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து நிஜ ரொட்டி கொடுத்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கணவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அதுவரை சனி, ஞாயிறுகளில் கீழே இறங்கிப் போய் எங்கள் சொந்த வீட்டில் குடியிருந்து பழகுகிறோம். முதல் தடவை அந்த வெக்கையை மத்தியானச் சாப்பாடுவரைகூடத் தாங்க முடியவில்லை. மகளின் முகம் சிவந்துபோய்விட்டது. கணவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் சொந்த ஹாலில், தன் சொந்தத் தரையில் கைகாலை விரித்துப் படுத்துக்கிடந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்கு ஓடிவந்துவிட்டோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம். இப்போது இரண்டு நாளும் இருந்துவிடுகிறோம். யாரும் மயங்கி விழுவதில்லை.

ஒன்று மட்டும் நாங்கள் எதிர்பார்க்காதது. அங்கே ரோடு சமமாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் எந்த ரோடும் ஒன்று ஏறும், இல்லை இறங்கும். அதனால் எங்கள் குடியிருப்பில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. மகளுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரக் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று தெரியவில்லை.

"நானும் ஓட்டிப் பாக்கவா?" என்று கேட்டேன்.

கணவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "கீழ பாக்காத, நேரா பாரு" என்று கத்தினார். அக்கம்பக்கத்தவர்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் நேராகப் பார்த்தேன். காற்று முகத்தில் அடித்தது. அவருடைய சத்தம் தூரத்தில் கேட்டபோதுதான், அவர் எப்போதோ கையை விட்டுவிட்டார் என்று புரிந்தது.

பிரேக் பிடிப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நைட்டி அக்காவின் கேட் நல்லவேளை திறந்திருந்தது. உள்ளே போய், காடி நிறுத்துகிற இடத்தில் காயப்போட்டிருந்த போர்வையில் மோதி நின்றேன். அக்கா வெளியே வந்து பார்த்தார். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டீங்களா, உக்காருங்க. டீ போடுறேன்."

பாலும் சர்க்கரையும் சேர்த்தே வருகிற டீ பாக்கெட்டைக் கிழித்துச் சுடுதண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தார். சர்க்கரைதான் தெரிந்தது, டீயைக் காணவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவருக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தது. தேயிலையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். கணவர் இன்னொரு கிளாஸ் கேட்டார்.