இழுத்த தோல்

ஆம்பூர் டேனரியில் ஈரத்தோலை இழுத்துப் பலகையில் ஆணியடிப்பது எத்திராஜின் வேலை. இழுத்துக் காயவைத்த தோல் பழையபடி ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளின் கால்களை ஆஸ்பத்திரி மெர்சியம்மா வாராவாரம் வீட்டுக்கே வந்து, பயிற்சி என்று மடக்கி நீட்டியபோதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நம்ம புள்ளைய வச்சித் தொழில் கத்துக்கிறாங்க. மூட்டு தளந்துட்டா இன்னா பண்ணுவ? இனிமே அந்தம்மா வாசப்படி ஏறக்கூடாது,” என்று மனைவி கஸ்தூரியிடம் கத்தினான்.

“நீயே தொட்டுப் பாரேன்,” என்றாள் அவள்.

எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டிவிடத்தான் குழந்தையின் முழங்காலை மடக்கிப் பிடித்தான். பிறந்ததிலிருந்து ஈரத்துணியாய்க் கிடந்த கால் அவன் உள்ளங்கையில் ஓங்கி ஓர் உதை விட்டது.

எத்திராஜ் கையையே பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தோலும் அவனைத் திருப்பி உதைத்ததில்லை.