இத்தா வீட்டில் வாங்கிய வாட்ச்

நீங்கள் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. கூனிமேட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். ஜின், பேய் என்று எவனாவது கடையில் உட்கார்ந்து ஆரம்பித்தால், "ஏம்பா, பல்பு வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா கெளம்பு" என்று விரட்டிவிடுகிற ஆள். பேயை இப்போதும் நம்புவதில்லை. அந்த வாட்சை மட்டும்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுனாமி வந்த அடுத்த வருஷம் என் தங்கை நஸ்ரினுக்கு நிக்காஹ் நிச்சயமானது. எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிட வேண்டும். மாப்பிள்ளை சாதிக் என்கூடப் படித்தவன்தான். பேட்டரி வாட்ச் வேண்டாம், சாவி முறுக்குகிற பழைய தங்க வாட்ச்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டான். எங்களுடையது அத்தா இல்லாத வீடு, தகப்பன் இடத்தில் நான்தான். தங்கை போகிற இடத்தில் ஒரு சொல் கேட்கக் கூடாதே என்று சென்னை, பாண்டிச்சேரி எல்லாம் அலைந்ததில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் மரக்காணத்தில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் துபாயில் ஒரு அரபிக்கு டிரைவராக இருந்தவர். அரபி தன் கையில் கட்டியிருந்ததையே கழற்றிக் கொடுத்தானாம். ஊர் திரும்பி உப்பளம் எடுத்து நடத்தியவர், திடீரென்று நெஞ்சுவலி வந்து மவுத்தாகிவிட்டார்.

மத்தியானம் பைக்கில் போனேன். உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைத்தது. வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே இருட்டு. அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார். கணவர் மவுத்தான பெண் இத்தா முடியும்வரை அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார், அதனால் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசினார். நானும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் மரியாதை.

"அதப் பாக்கப் பாக்க மனசு தாங்கல தம்பி. நல்ல காரியத்துக்குன்னா எடுத்துக்குங்க."

கொஞ்ச நேரத்தில் திரை ஓரமாக ஒரு கை நீண்டது. ஆண் கை. வெயிலில் கறுத்திருந்தது, மணிக்கட்டில் மட்டும் வாட்ச் கட்டிய இடம் பட்டையாக வெளுத்திருந்தது. பெருவிரலால் வாட்ச் கண்ணாடியைத் துடைத்தது. பிறகு, காதில் வைத்துக் கேட்கத்தானோ என்னவோ, கை உள்ளே போனது. மறுபடி வெளியே வந்து வாட்சை என் உள்ளங்கையில் வைத்தது. அந்த அம்மாவின் அண்ணன் போலிருக்கிறது என்று நினைத்தேன். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேசிய பணத்தைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"வர்றேங்க அக்கா."

"இருங்க தம்பி, வாட்ச வாங்காம போறீங்களே? பொண்ணு ஸ்கூல்ல இருந்து இப்ப வந்துடுவா. பீரோ சாவி அவகிட்டதான் இருக்குது."

உள்ளங்கையில் இருந்த வாட்சைப் பார்த்தேன். "குடுத்துட்டாரே... உங்க அண்ணன்..."

"எனக்கு ஏது தம்பி அண்ணன்? வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

கையைப் பற்றிச் சொன்னேன். வெளுத்த பட்டை என்றதும் திரைக்குப் பின்னால் அழுகை வெடித்தது. வாட்சைத் திரைக்கு அடியில் திருப்பி வைத்தேன். அது மெல்ல என் பக்கமே நகர்ந்து வந்தது.

"அவரே குடுத்திருக்காரு. எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி."

அல்லாஹ்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கை வந்ததையும் அந்த அம்மா அழுததையும் சாதிக்கிடம் சொல்லி, வேறு வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "உப்பளத்து வெயில்ல வந்தா கண்ணு அப்படித்தான் மச்சான் காட்டும்" என்று சிரித்துவிட்டு, நிக்காஹ் அன்று அதையே கட்டிக்கொண்டான்.

நன்றாகத்தான் வாழ்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன மாதம் அந்த வாட்சைச் சர்வீசுக்காகப் பாண்டிச்சேரியில் கொடுத்திருந்தோம். சாதிக் என் கடையில் உட்கார்ந்திருந்தான். பேச்சுக்கு நடுவில் வெறும் மணிக்கட்டைப் பெருவிரலால் துடைத்துக் காதில் வைத்தான். அந்தக் கை துடைத்ததை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

"என்ன மாப்ள பண்றே? வாட்ச்தான் கையில இல்லையே?"

"ஓடுதான்னு பாக்குறேன். நீயே கேளு மச்சான்."

மணிக்கட்டை என் காதில் வைத்தான். டிக்டிக்டிக்டிக் என்று ஓடியது. நாடித் துடிப்பு என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். நாடி அந்த வேகத்தில் அடித்தால் மனுஷன் பிழைக்கமாட்டான். நஸ்ரினுக்கும் அது கேட்கிறதா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.