என் கைடுக்கு எதிராக நான் செய்த ஜெபம்

"என் ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்கிற மனிதரை ஆண்டவர் என் வழியிலிருந்து அகற்ற வேண்டும்."

ஜூலை மாதம், இரண்டாவது புதன்கிழமை, எங்கள் சபையின் உபவாசக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட ஜெபச் சீட்டு இது. பெயர் போடவில்லை. கையெழுத்து என்னுடையது. கூட்டம் முடிந்ததும் பெட்டியிலுள்ள சீட்டுகளைத் தேதிவாரியாகக் கட்டி வைக்கிற வேலையும் என்னுடையதுதான். அதனால் இது இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

பிரியமானவர்களே, சாட்சி சொல்கிறவர்கள் பட்ட கஷ்டத்தை முதலில் சொல்லி, பிறகு ஜெபித்ததைச் சொல்வார்கள். நான் ஜெபித்த பிறகுதான் எனக்குக் கஷ்டமே ஆரம்பித்தது. வரிசை மாறாமல் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் நான். கையில் கிடைக்கிற பழைய புத்தகத்தையெல்லாம் படிப்பதும், எந்தக் கட்டடம் எப்போது வந்தது, எந்த மில் எப்போது மூடியது என்று கேட்டு எழுதி வைப்பதும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த ஆசையில்தான் பகுதி நேரமாக வரலாற்றில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிய குடும்பங்கள் எந்தக் காலத்தில், என்ன காரணத்தால், தறியை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தன என்பது தலைப்பு. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

எனக்குக் கைடாக வாய்த்தவர் நஞ்சப்பன் சார். கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். அதட்ட மாட்டார். "வாங்க சாமுவேலு, காப்பி குடிங்க" என்றுதான் ஆரம்பிப்பார். காபி முடிவதற்குள் என் அத்தியாயத்தில் பென்சில் வேலை நடந்திருக்கும். "இது யாரு சொன்னதுங்க?" "இது எப்பங்க?" "தப்பு." இந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் 'ங்க' கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தை எத்தனை தடவை திருப்பிக் கொடுத்தார் என்பதை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு சங்கடம். எனக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். அவருக்கும் என்னோடு உட்கார அன்றுதான் முடியும். காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஆராதனையும் அதே ஒன்பதுக்குத்தான். அத்தியாயங்கள் எழுதத் தொடங்கிய இரண்டு வருடத்தில் பாதி ஞாயிறுகள் நான் கோயிலுக்குப் போகவில்லை. "சார், மத்தியானம் வரட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். நான் கேட்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஆண்டவருடைய நாளை இந்த மனிதர் திருடுகிறார் என்று மனதுக்குள் வழக்கு எழுதிக்கொண்டே போனேன். கைடிடம் நேரம் மாற்றிக் கேட்டால் கோபித்துக்கொள்வார், கையெழுத்துப் போட மாட்டார் என்ற பயம். கைடு இருக்கிற எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும்.

அந்த ஜூலையில் பதிவுக்காலம் முடிய ஐந்தாறு மாதம்தான் பாக்கி. டிசம்பருக்குள் ஆய்வின் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்காவிட்டால் ஆறு வருட வேலை ரத்து. அந்த வாரமும் மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்தது. புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு உபவாசக் கூட்டத்துக்குப் போனேன். சீட்டை எழுதிப் பெட்டியில் போட்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். சீட்டை யார் எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போதகர் சத்தமாக வாசிப்பார், சபை முழுக்க எழுந்து ஒரே குரலில் ஜெபிக்கும். கடன், கல்யாணம், வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். என் சீட்டுக்கும் அப்படியே ஜெபித்தார்கள். வேலை முடிந்து வந்த தையல்காரப் பெண்கள், தலையில் நூல் பிசிறு ஒட்டியிருக்க, கையை உயர்த்தி, "அகற்றும் ஆண்டவரே, அகற்றும்" என்று அழுதார்கள். யாரை அகற்றச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் கையை உயர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வகுப்புக்குப் போகிற வழியில் கல்லூரி மாடிப்படியில் சார் விழுந்தார். பக்கவாதம். கோவைக்குக் கொண்டுபோனார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது.

எனக்குப் போன் வந்தபோது ஃபேக்டரியில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே மறைத்தால் இது சாட்சி ஆகாது. 'இனி மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்ப ஆள் இல்லை' என்றுதான் தோன்றியது. அது போன பிறகுதான் புதன்கிழமைச் சீட்டு நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். தடுக்க யாரும் இல்லையே. கூட்டம் கலையும்போது எஸ்தர் அக்கா பக்கத்தில் வந்தார். எங்கள் கம்பெனியிலேயே ஃபிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவர். சாரின் பென்சிலைப் பற்றி நான் புலம்பியதையெல்லாம் டீ நேரத்தில் கேட்டவர்.

"ஏன் தம்பி, உங்க புரொபசர் படுத்துட்டாராமா?"

"ஆமாங்கக்கா."

"அந்தச் சீட்டு நீங்க எழுதுனதுதானே? எனக்கு அன்னைக்கே தெரியுங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "பாத்தீங்களா, நம்ம சாமி வாரம் தாண்ட உடல. கூலி கூட வாரம் ஆனாத்தான் வருது."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். என் ஜெபம் கேட்கப்பட்டதே என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை. எதைக் கேட்டாலும் நடந்துவிடுமோ என்ற பயம். அப்படி ஒரு பயம் விசுவாசிக்கு வரும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆகஸ்டில் கல்லூரியில் கூப்பிட்டார்கள். துறையின் பொறுப்பை மேடம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர்.

"கைடை மாத்திக்கலாங்க சாமுவேல். சார் வீட்ல ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க, நான் எடுத்துக்கறேன். அத்தியாயம் எல்லாம் ரெடிதானே? டிசம்பருக்குள்ள கொடுத்துடலாம்."

"நீங்க ஒருக்கா படிச்சுப் பாக்கறீங்களா மேடம்?"

"சார் பாத்ததுக்கு மேல நான் என்னத்தைப் பாக்கறதுங்க?"

நான் கேட்டது இதுதான். தடை அகற்றப்பட்ட வழி, கையெழுத்துக்குக் காத்திருக்கிற பேனா. அந்தச் சம்மதக் கடிதத்தை டைப் செய்து பையில் வைத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். கோவையிலிருந்து அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையால் மேசையைக் காட்டினார். எனக்கு விளங்கவில்லை. அவருடைய மனைவி, நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன், சொன்னார்:

"உங்க பேப்பரைத்தான் கேக்கறாருங்க தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அதைத்தான் காட்டறாரு. நாந்தான் எடுத்துக் குடுக்கல."

மேசையில், அவர் விழுவதற்கு முந்தின நாள் நான் திருத்திக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் அத்தியாயம். அதன்மேல் பென்சில்.

கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வெகு நாளைக்குப் பிறகு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவருக்குப் பேச்சைக் கொடும். என் பட்டம் போனால் போகட்டும்." கடைசி வரி மனசார வந்ததா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை சபையில் எழுந்து நின்றேன். "போன மாசம் அகற்றும்னு நீங்க ஜெபிச்ச சீட்டு என்னுது. அந்த மனுஷர் எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவர். அவர் செஞ்ச தப்பு, என் எழுத்துல இருக்கற தப்பைக் காட்டுனதுதான்" என்றேன். எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

போதகர்தான் முதலில் பேசினார். "தம்பி, வாசிச்சவன் நான். யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கும் இதுல பங்கிருக்கு." பிறகு சபையைப் பார்த்து, "அவர் பேரு என்னங்க?" என்று என்னிடம் கேட்டார். "நஞ்சப்பன்" என்றேன். எங்கள் சபையில் அந்தப் பெயர் அதற்கு முன் உச்சரிக்கப்பட்டிருக்குமா தெரியாது. அன்று அத்தனை பேரும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள்.

பதிவுக்கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன். மருத்துவச் சான்று வைத்து மேடம் மேலே அனுப்பினார். நவம்பரில் ஒரு வருடம் நீட்டித்து உத்தரவு வந்தது. இதை அற்புதம் என்று சொல்ல மாட்டேன். விதியிலேயே அதற்கு இடம் இருந்தது. ஆனால் உத்தரவு வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

அதற்குள் ஞாயிறு மதியம் சார் வீட்டுக்குப் போகிற வழக்கம் வந்திருந்தது. காலையில் ஆராதனை, மதியம் அவர் வீடு. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவர் முன்னால் யாராவது ஏதாவது வாசித்துக்கொண்டே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். செய்தித்தாள் வாசித்தால் கண்ணை மூடிக்கொள்வார். என் அத்தியாயத்தை வாசித்தால் கண் திறந்திருக்கும். ம், ஆ என்று சத்தங்கள் வரும். சொல் வராது. முயன்று முயன்று அழுதுவிடுவார். பார்க்க முடியாது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. மூன்றாம் அத்தியாயத்தில், சோமனூரில் ஒரு குடும்பம் தறியை விற்ற கதை. வாசித்துக்கொண்டே போனேன். கட்டிலில் டொக்கென்று சத்தம். இடது கையில் பென்சில். நிறுத்தினேன். அவர் முகம் சிவந்தது, உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"தப்பு."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "என்னங்க? என்ன சொன்னீங்க?"

"தப்பு," என்றார் மறுபடியும். பென்சிலால் என் தாளைக் குத்தினார். "தப்பு, தப்பு."

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். நான் எந்தச் சொல்லுக்குப் பயந்து அவரை அகற்றச் சொன்னேனோ, அந்தச் சொல்லை ஆண்டவர் முதலில் அவர் வாயில் திரும்ப வைத்தார். வீட்டுக்கு வந்து பதிவுகளைச் சரிபார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தக் குடும்பம் தறி விற்ற வருடத்தை, மகன் கல்யாணம் நடந்த வருடத்தோடு நான் குழப்பியிருந்தேன். தேதியில் தவறவே மாட்டேன் என்று பெருமை பேசுகிறவன் நான்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருத்துவர்களும் அந்தப் பயிற்சிப் பெண்ணும் பட்ட பாட்டை மறைத்துவிட்டு ஆண்டவருக்கு மட்டும் கணக்கு எழுதினால் அதுவும் பொய்ச் சாட்சி. அவர்கள் கைகளையும் அவர்தான் ஆசீர்வதித்தார் என்று நம்புகிறேன்.

மார்ச்சில் ஒருநாள், சார் ஓரளவு பேசத் தொடங்கிய பிறகு, சீட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோபமோ என்று நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம்தான் ஒத்துழைத்தது. ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார்:

"ஏனுங்க சாமுவேலு, ஸ்டூடண்ட் கேட்டதுக்கெல்லாம் உங்க சாமி புரொபசரைப் படுக்க வெச்சா, யூனிவர்சிட்டி இந்நேரம் காலியாத்தான் கெடக்கும்."

"சார்..."

"கேட்டதுதான் கேட்டீங்க, எனக்கு டிரான்ஸ்ஃபர்னு கேட்டிருக்கக் கூடாதுங்களா? ஊட்டிப் பக்கமா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மன்னித்துவிட்டார். ஆனால் மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்பதுபோல் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஆவணியில் சினாப்சிஸ் கொடுத்துவிட்டேன். இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணலாக இருக்கிறது. ஆய்வேட்டுப் பணி இன்னும் பாக்கி இருக்கிறது. நாலாம் அத்தியாயமும் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஸ்தோத்திரம்.

இப்போது எங்கள் சபையில் யாருக்கு எதிராகவும் சீட்டு வாசிப்பதில்லை. மேலதிகாரி, மாமியார், கைடு, யாராக இருந்தாலும் பெயரைப் போட்டு, அவருக்கு என்ன நன்மை வேண்டும் என்று எழுதச் சொல்கிறார் போதகர். எழுதிப் பாருங்கள், கை ஓடாது. பாதியில் நிற்கும். அந்த இடத்தில் ஆண்டவர் உங்களோடு பேசுவார். அப்படி நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பயப்படாமல் அவரிடம் வாருங்கள். மோசமான ஜெபத்தோடு போனவனையும் அவர் தள்ளவில்லை. முதலில் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மத்தியானம் வரட்டுங்களா என்று கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. சில வாரங்களுக்கு முன் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: சார் விழுவதற்கு முன்பே ஒரு காலை, சட்டைப் பொத்தான் போட வலது கை வரவில்லையாம், அம்மாதான் போட்டுவிட்டாராம். என்றைக்கு என்று உடனே கேட்டேன். "அதுக்கு முந்தின வாரமுங்க. செவ்வாய்க்கிழமைன்னு நெனைக்கறேன்" என்றார். செவ்வாய் என்றால் என் சீட்டுக்கு முந்தின நாள்; நான் கேட்பதற்கு முன்பே நோய் தொடங்கியிருக்கிறது. மறுபடி கேட்டபோது, "வெள்ளியாக் கூட இருக்குமுங்க" என்றார். சாருக்கு அந்த வாரமே நினைவில் இல்லை. செவ்வாயாக இருந்தாலும் நான் கேட்டது கேட்டதுதான். ஆனாலும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது செவ்வாயா வெள்ளியா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.