பன்னிரண்டு வட்டி

எனக்குக் கணக்கு வராது. ஆனால் வட்டிக் கணக்கு மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டிய எங்களில் யாருக்குத்தான் அது வராது? இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மூன்று வட்டி என்றால் மூன்று. மாதம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் வளையல்கள் இரண்டும் அப்போது அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு இருந்தன. என் அம்மா போட்டு அனுப்பியவை. வீட்டுக்காரரின் குடல் ஆபரேஷனுக்காக வைத்தோம். சித்திரைக்குள் மீட்காவிட்டால் மூழ்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பேங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்களைப் போன்றவர்களுக்கும் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு போனோம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "வட்டி பன்னெண்டு சதவீதம்" என்றார்.

சதவீதம் என்றால் நூற்றுக்கு என்பது எங்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார். "வூட்ல கலந்துகிட்டு வரோம் சார்."

தெருவுக்கு வந்ததும் வெடித்தார். "நூத்துக்குப் பன்னெண்டாம்! அடகுக்கடைக்காரரே ரெண்டோட நிக்கிறாரு. இவங்க வருஷம் திரும்பறதுக்குள்ள அசலுக்கு மேல வாங்கிடுவாங்க. இதுல ஃபேன் காத்து வேற!"

கணக்கு சரிதான். ஆனாலும் எனக்கு நெருடியது. இந்தக் கொள்ளை வட்டிக்கா அங்கே அத்தனை பேர் காத்திருந்தார்கள்? எல்லாருக்குமா புத்தி கெட்டுப்போயிற்று? அந்த வாரம் முழுக்க இதே குழப்பம். ஒரு போலீஸ்காரர் பொம்மைக்கு மீசையே வைக்காமல் விட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நான் மட்டும் பேங்குக்குப் போனேன்.

"சார், அந்தப் பன்னெண்டு எத்தினி நாளைக்கு?"

அதிகாரி விழித்தார். "வருஷத்துக்கும்மா."

"வருஷத்துக்கா? அப்ப மாசத்துக்கு?"

"ஒரு ரூபா."

எனக்குத் தலை சுற்றியது. ஒன்றை ஒன்று என்று சொல்லாமல், பன்னிரண்டு என்று சொல்லி எதற்கு ஆளை மிரட்ட வேண்டும்? அசலைக் கட்டக் கட்ட வட்டியும் குறைந்துகொண்டே வரும் என்றார். அது சுத்தமாகப் புரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த இடத்தில் வட்டி எப்போது குறைந்தது? ஆனால் அந்த ஒரு ரூபாய் புரிந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் எனக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். என் கையில் சில நோட்டுகளை வைத்தார்.

"காலையில வளையல அடகுக்கடைக்காரர்கிட்டயே வித்துட்டேன். மூழ்கிப்போனா ஒன்னும் வராது பாரு. கடன் போக மிச்சம் இது. இனிமே வட்டித் தொல்லையே இல்ல."

நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. விரல் விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"வருஷத்துக்கா?"

"வருஷத்துக்குத்தான்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னவாம் அவருக்கு?"

சட்டையைக் கூடப் போடாமல் நோட்டுகளை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அதே நோட்டுகள் அவர் கையில் கசங்கியிருந்தன.

"உருக்கக் குடுத்துட்டாங்களாம்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பேங்க்காரர் மேலா, இவர் மேலா, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று அழுதுகொண்டே உலை வைத்தேன்.