பட்டால் துடைத்த பிக்கப்

எங்கள் வீட்டில் மூன்று தறி. நான்காவது தறி போட விட்டிருந்த இடத்தில் என் பிக்கப் நிற்கிறது. என்னைவிட மூத்த பெட்ரோல் வண்டி. முன்னால் நீள மூக்கு, பின்னால் பலகை அடித்த தொட்டி. பெரணமல்லூர் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். கோழிகளை இறக்கிவிட்டு வாங்கி வந்தேன். அன்றைக்குப் பிடித்த சனி என்பாள் என் மனைவி. 

இரண்டு வருஷம் ஒரு ஞாயிறுகூட விடாமல் துரு சுரண்டினேன், தகடு மாற்றினேன், பச்சை பெயின்ட் அடித்தேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஓட்டத்தான் முடியாது. மூன்று கிலோமீட்டர் போனதும் இருமும், குலுங்கும், நடுரோட்டில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து நான் பத்து நிமிஷம் திட்டி முடித்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். மறுபடி மூன்று கிலோமீட்டர். ஒரு மனுஷனை இப்படிப் பேஜார் பண்ண இந்த இரும்புக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இந்த மாதிரி வண்டியைத் தொடத் தெரிந்தவர் கண்ணமங்கலத்தில் ஒரே ஒரு மெக்கானிக்தான். கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்டிக் கொடுப்பார். நன்றாக ஓடும். நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்ததும் மறுபடி கழற்றி, ஆசை தீரத் துடைத்து மாட்டுவேன். அவர் கடையில் துடைக்கப் பழைய லுங்கித் துணி. எங்கள் வீட்டிலோ தறியடியில் அறுந்து விழுந்த பட்டு நூல் ஒரு மூட்டை கிடக்கிறது. அதை உருட்டித் துடைத்தால் பித்தளை அப்படி மின்னும். "என் வண்டிக்குப் பட்டுதான்" என்று அவரிடமே பீற்றிக்கொண்டேன்.

"பட்டெல்லாம் வேணாங்ணா. அத்த சும்மா வுட்டுடுங்க" என்றார் அவர். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு முன்னால் ஒரே நாளில் ஐந்து தடவை நின்றது. கோபம் தலைக்கேறி அவர் கடைக்குப் போய், நாலு பேர் எதிரில், "நல்ல ஜெட்ட உருவிக்கினு டூப்ளிகேட்ட மாட்டிட்ட இல்ல?" என்று கத்தினேன். ஜெட் என்பது பெட்ரோல் இறங்கும் சின்னப் பித்தளைத் துளை. அவர், "வேற எடத்துல காட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வண்டி முன்னைவிட மோசமாயிற்று. மூன்று தடவை என் மனைவியே இறங்கித் தள்ளினாள். மூன்றாவது தடவை அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகக் கட்டியிருந்த பட்டுப்புடவையில் கிரீஸ் பட்டுவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கெழம சந்தவாசல் போய்ட்டு வரணும். நானும் வர்றேன். தள்றதுக்கு மட்டும் எறங்க மாட்டேன். பாதியில நின்னு போச்சின்னா திங்கக்கெழம காயலான் கடைக்காரர் வந்து தூக்கிக்கினு போவாரு. பேசிட்டேன்" என்றாள்.

உண்மையிலேயே பேசியிருந்தாள். என் இரண்டு வருஷ உழைப்பு எடைக்குப் போகப் போகிறது. சனிக்கிழமை முழுக்கக் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நூலையும் தீர்த்தேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். ஆச்சரியமாக ஓடியது. சந்தவாசலுக்குச் சற்று முன்னால் இருமியது. நின்றது. பத்து நிமிஷம் திட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் கெஞ்சியும் பார்த்தேன். அசையவில்லை. கார்புரேட்டரைக் கழற்றும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வண்டிக்காக ரோட்டோரம் நின்று அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் இறங்கி வந்து, என் கையிலிருந்த ஜெட்டை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த இழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. நகத்தால் எதையோ பிடித்து மெல்ல இழுத்தாள்.

"இன்னாங்க இது? நம்ம அரக்குப் பாவு."

ஒரு அங்குலப் பட்டு இழை, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் அறுந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இன்னும் மஞ்சள், கிளிப்பச்சை, மாம்பழ நிறம். இந்த வருஷம் நாங்கள் நெய்த புடவை அத்தனையும் அதற்குள் இருந்தது. மெக்கானிக் சுத்தம் செய்து கொடுத்ததை ஒவ்வொரு தடவையும் நானே என் கையால் அடைத்திருக்கிறேன். என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

அவள் ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மாட்டினேன். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றேன்.

"கண்ணமங்கலத்துக்கு வுடுங்க."

வழியில் ஒரு இடத்திலும் வண்டி நிற்கவில்லை. மெக்கானிக் கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். என் மனைவி முடிச்சை அவிழ்த்து இழைகளை அவர் பெஞ்சின்மேல் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். நான் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில், "நீ திருடல. தப்பு எம்மேலதான்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஒரு பழைய லுங்கியைப் பாதியாகக் கிழித்து என் மேல் போட்டார். "இத்தால தொடைங்க. இல்லாட்டி தொடைக்கவே தொடைக்காதீங்க."

அதற்குள் என் மனைவி காயலான் கடைக்குப் போன் போட்டிருந்தாள்.

"நாளைக்கு வர வேணாங்க. வண்டி நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்காரருக்குத்தான் கோளாறு."