கஸ்தோனின் அட்டையில் நான் எழுதிய வரிகள்

1. வீடு மாறும் நாள்

மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியோடு முடிந்துவிடும். ஜூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். தெருவோரமெல்லாம் மெத்தையும் அலுமாரியும் கிடக்கும். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றால் அந்த நாய் எங்களிடம் வரும். நான் பதினெட்டு வருடம் வேலை செய்த விலங்குக் காப்பகத்தில் அந்தக் கிழமை எவருக்கும் லீவு கிடையாது.

கஸ்தோன் அப்படி ஒரு ஜூன் கடைசி நாளில்தான் வந்தான். நான்கு வயது. கறுப்பு நிறம், தடித்த கழுத்து, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். கொண்டுவந்த பெண் சாமான் ஏற்றிய வாகனத்தின் எஞ்சினை நிறுத்தாமலே வாசலில் விட்டிருந்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். “நல்ல நாய்” என்று பிரெஞ்சில் இரண்டு தரம் சொன்னாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அவன் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். நான் கழுத்துவாரை இழுக்கவில்லை. பக்கத்தில் நின்றேன். அரை மணித்தியாலம் கழித்துத் தானாக எழும்பி என்னோடு உள்ளே வந்தான். எங்கள் மேலாளர் ஜோசேயிடம், “இவன் ஒரு கிழமைக்குள் போய்விடுவான்” என்று சொன்னேன். அந்த வேலையில் நான் சொன்ன சொற்களில் இன்றைக்கும் என்னைக் குத்துவது அதுதான்.

2. அட்டை

கூண்டுகளை நாங்கள் கெனல் என்போம். ஒவ்வொரு கெனல் கதவிலும் ஒரு அட்டை தொங்கும். நாயின் பெயர், வயது, கீழே எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்ற குறிப்பு. அடாப்ஷன் மேசை என் பொறுப்பு. அட்டையை எழுதுவதும் நான்தான்.

கஸ்தோனை முதலில் எடுத்தது இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்கள். சந்தோசத்தில் பாய்ந்திருக்கிறான், சின்னவள் விழுந்து உதடு வெடித்துவிட்டது. நான் அட்டையில் எழுதினேன்: சிறு பிள்ளைகள் இல்லாத வீடு.

அடுத்தவர் தனி ஆள், மூன்றாம் மாடி. அவர் வேலைக்குப் போனதும் இவன் குரைக்கத் தொடங்குவானாம், பின்னேரம்வரை ஓய்வதில்லையாம். அயலவர்கள் முறைப்பாடு செய்தார்கள். நான் எழுதினேன்: அடுக்குமாடி வேண்டாம். வேலி போட்ட முற்றம் அவசியம்.

ஒருநாள் நடைபாதையில் ஒரு பூனையைக் கண்டு உறுமினான். எழுதினேன்: வேறு பிராணிகள் கூடாது. பிறகு இன்னொன்று: நாய் வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் மட்டும்.

ஒவ்வொரு வரியும் அவனைக் காப்பாற்றத்தான் எழுதினேன். மறுபடியும் ஒரு தோல்வி அவனுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். ஜோசேகூட, “ராணி, உன் அட்டையைப் போலத் தெளிவாக ஒருவரும் எழுதுவதில்லை” என்று பாராட்டினாள். சனி ஞாயிறுகளில் குடும்பங்கள் கெனல்களைப் பார்த்தபடி நடந்து வரும். கஸ்தோன் எழும்பி வாலை ஆட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள். பிறகு அட்டையை வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் அடுத்த கெனலுக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை வருடம் இதுதான் நடந்தது.

3. மகேந்திரன் அண்ணை

பனி கொட்டும் இரண்டாம் மாரிகாலத்தில் மகேந்திரன் அண்ணை வந்தார். ஐம்பத்தொன்பது வயது, யாழ்ப்பாணத்தார், கல்யாணம் கட்டாதவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் தனியாக இருந்தார். ஜான்-டலோன் சந்தையில் இருபது வருடத்துக்கு மேல் மரக்கறிப் பெட்டி இறக்கி முழங்கால் போய், ஒப்பரேஷன் செய்து, வேலையை விட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சும்மா நடக்க வெட்கமாக இருக்கிறது, ஒரு நாயைத் தந்தால் நடப்பேன் என்று தொண்டராக எழுதிக்கொடுத்தார்.

செவ்வாயும் வெள்ளியும் வருவார். கஸ்தோனைத்தான் கேட்பார். மற்றவர்களின் கையைப் பிடுங்குமாப்போல இழுப்பவன் இவரோடு மட்டும் காலடிக்குக் காலடி நடந்தான். நடந்து முடிந்ததும் பின்வளவில் ஒரு நீள மர வாங்கில் இருவரும் இருப்பார்கள். அண்ணை ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். கஸ்தோன் அவருடைய நோகாத முழங்காலில் தலையை வைத்திருப்பான்.

பனி உருகும் காலத்தில் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, இவனை நான் கொண்டுபோகட்டோ?”

“அண்ணை, உங்கட வீடு எப்பிடி?”

“மூன்றரை. ரெண்டாம் மாடி.” ஒரு படுக்கையறை உள்ள வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“முற்றம்?”

“பல்கனி இருக்கு.”

“முந்தி நாய் வளர்த்திருக்கிறியளோ?”

“இல்லை. ஆனா இவனை எனக்குத் தெரியும்தானே.”

“லீஸில நாய் வைக்கலாமெண்டு இருக்கோ?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “இல்லை. எண்டாலும் வீட்டுக்காரர் ஒரு கிரேக்கக் கிழவர், நல்ல மனுசன். எனக்குப் பிரெஞ்சு காணாது. இங்க இருந்து நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சியள் எண்டா ஓம் எண்டுவார்.”

“அது எங்கட வேலை இல்லை அண்ணை. நீங்கள்தான் கடிதம் வாங்கிக்கொண்டு வரவேணும். வாங்கினாலும் முற்றம் இல்லையே. இவனுக்கு அடுக்குமாடி சரிவராது, அட்டையில இருக்கு.”

“நான் நாள் முழுக்க வீட்டிலதானே இருக்கிறன். அவன் தனிய இருக்கமாட்டான்.”

அது உண்மைதான். இருந்தும் படிவத்தில் ‘வீட்டு வகை பொருந்தாது’ என்று எழுதி மூடினேன். நம்மவர் என்பதற்காக விதியை வளைத்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. அதை அன்றைக்கு நான் நேர்மை என்று நினைத்தேன்.

அண்ணை கோபிக்கவில்லை. “சரி தங்கச்சி. நடத்திக்கொண்டு போறதுக்குத் தடை இல்லைத்தானே?” என்று மட்டும் கேட்டார்.

4. எல்லா வரிக்கும் பொருந்திய வீடு

அந்த இலையுதிர்காலத்தில் ஊரின் மேற்கு ஓரத்தில் உள்ள பியர்பொன்ட்ஸிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சென்னைக்காரர்கள், இருவரும் கணினி வேலை. சொந்த வீடு, வேலி போட்ட முற்றம். பிள்ளை இல்லை, பூனை இல்லை. கணவர் சின்ன வயதிலிருந்து நாயோடு வளர்ந்தவர். வேலையும் வீட்டிலிருந்தபடிதான். அட்டையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான் சரி போட்டேன். காரில் ஏற்றும்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து கைதட்டினார்கள்.

அடுத்த செவ்வாய் மகேந்திரன் அண்ணை வந்து காலிக் கெனலைப் பார்த்தார்.

“நல்ல இடமோ?”

“நல்ல இடம் அண்ணை. பெரிய முற்றம்.”

“அப்ப சரி.” அன்றைக்கு வேறொரு நாயை நடத்திவிட்டுப் போனார்.

ஏழாம் கிழமை அந்தக் கணவர் கஸ்தோனோடு வாசலில் நின்றார். மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆஃபீஸ்ல வாரத்துக்கு நாலு நாள் வந்தே ஆகணும்னுட்டாங்க. நாங்க கிளம்பினா கதவைக் கடிக்கிறான். ட்ரெய்னரை வெச்சுப் பார்த்தோம். கேமரால பார்த்தா நாள் பூரா கத்திட்டே இருக்கான். நேத்து பல்லு உடைஞ்சு தரையெல்லாம் ரத்தம். எங்களால பார்க்க முடியல மேடம்.”

அவர்களில் நான் குறை காணவில்லை. கஸ்தோன் உள்ளே வந்தான். தானாகவே தன் பழைய கெனலுக்கு நடந்து போய் மூலையில் படுத்தான். அட்டையில் எழுதப் பேனையை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

5. கேஸ் மீட்டிங்

அந்த மாரியில் அவன் சுற்றத் தொடங்கினான். நெடுநாள் அடைபட்ட நாய்களுக்கு அது வரும். நான்கு சுவருக்குள் இடப்பக்கமாக, ஒரே வட்டமாக, மணிக்கணக்கில் சுற்றும். தரை வழுவழுப்பாகிவிடும். மருந்து கொடுத்தோம். உருட்டினால் சாப்பாடு விழும் விளையாட்டுப் பந்துக்குள் சாப்பாட்டை ஒளித்துவைத்தோம். ரேடியோ போட்டோம். மகேந்திரன் அண்ணை வந்தால் வாசல்வரை வருவான், ஒரு தரம் முகர்ந்துவிட்டு மறுபடி சுற்றப் போய்விடுவான். நடக்கக் கூட்டிப்போக முடியாத நாட்களில் அண்ணை கதவுக்கு வெளியே தரையில் இருந்து கதைப்பார். நோகும் காலை நீட்டிக்கொண்டு அவர் இருப்பதைப் பார்க்க முடியாமல் நான் வேறு வழியால் சுற்றிப் போவேன்.

வசந்தம் தொடங்க, கேஸ் மீட்டிங்கில் அவன் பெயர் வந்தது. அந்த மேசையில் பெயர் வந்தால், ஊசி போட்டு அவனை முடித்துவிடுவதா என்பதுதான் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். நான் எதிர்த்தேன். ஜோசே என்னைப் பார்த்தாள்.

“ராணி, கத்தாமல் பதில் சொல்லு. அவனை வைத்திருக்கிறது அவனுக்காகவா, எங்களுக்காகவா?”

அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் எவரும் அந்த அறையில் இல்லை. மே மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள்.

அடுத்த வெள்ளி அண்ணையிடம் சொன்னேன்.

“ஊசியோ?” என்று கேட்டார்.

“அண்ணை, நான் உங்கட வீட்டுக்காரரோட கதைக்கிறன். இண்டைக்கே வாறன்.”

“இப்ப என்னத்துக்குத் தங்கச்சி? கிழவர் மாரியில வீட்டை வித்துப்போட்டு மகளிட்டப் போயிட்டார். இப்ப ஒரு கம்பனி.”

இருந்தாலும் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கம்பனியின் அலுவலகத்தில் ஒரு பெண் என்னை உட்காரச் சொல்லாமலே, விதிப்படி நாய் இல்லை என்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து மெட்ரோவுக்கு நடக்கும்போது அண்ணை என்னைக் குற்றம் சொல்லவில்லை. தானாகவே ஏதோ ஞாபகத்தில், “போற அண்டைக்குக் கிழவர் கேட்டவர், எங்க உன்ர நாய், கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் எண்டு” என்றார்.

“நீங்கள் அவரிட்டச் சொன்னனீங்களோ?”

“ஓம். கையால காட்டி, தெரிஞ்ச சொல்லில சொன்னனான். அவருக்கு விளங்கியிருக்கு. கடிதம்தான் எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. பேந்து நீங்களும் முற்றம் வேணுமெண்டு சொன்னபடியா விட்டிட்டன்.”

மெட்ரோப் படியில் நான் இருந்துவிட்டேன். கிழவர் வீட்டை விற்கும்வரை, அத்தனை மாதமும் கஸ்தோனுக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது. அரை மணித்தியாலம் நான் போய்க் கதைத்திருந்தால் போதும்.

6. நிலக்கீழ் வீடு

அண்ணை வீடு தேடினார். வாடகை ஏறி, காலி வீடே கிடைக்காத அந்த நேரத்தில் நாயோடு வீடு தேடுவது எப்படியென்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னேரங்களில் நானும் கூடப் போனேன். கதவு திறக்கும் முன்பே இல்லை என்றவர்களும் உண்டு. கடைசியில் பியர்பொன்ட்ஸில் ஒரு நிலக்கீழ் வீடு அகப்பட்டது. இருபத்துநாலு வருடம் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனை, கோயிலை, தெரிந்த கடைகளை, சந்தைச் சிநேகிதர்களை விட்டுவிட்டு, பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போகும் இடத்துக்கு அவர் மாறினார். தவணைக்கு நான்கு நாள் இருக்கும்போது கஸ்தோனைக் கூட்டிப்போனார். இம்முறை எவரும் கைதட்டவில்லை.

இலை கொட்டத் தொடங்கிய பிறகு பார்க்கப் போனேன். அண்ணை தேநீர் ஊற்றினார். சோபாவில் ஒரு புதுப் போர்வை, நிலத்தில் விலை கூடிய நாய் மெத்தை, இரண்டும் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

“எங்க அவன்?”

துணி தோய்க்கும் மெசினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஒடுக்கமான இடம். அங்கே கிடந்தான். என்னைப் பார்த்தான். வாலின் நுனி மட்டும் அசைந்தது.

“வந்த நாளில இருந்து அங்கதான்,” என்றார் அண்ணை. “வெளியில கூட்டிக்கொண்டு போனா வருவான். திரும்பி வந்த உடன அதுக்குள்ள போயிடுவான். வீட்டுக்குள்ள நடக்கப் பயப்பிடுறான். சாப்பாட்டு நேரத்துக்குச் சுவரைப் பாத்துக்கொண்டு நிப்பான், கெனலில மாதிரி அதுக்குள்ளால ஆரோ கிண்ணம் தள்ளுவினம் எண்டு.”

“சுத்துறானோ?”

“சுத்த இடமில்லை அதுக்குள்ள. அதுதான் போய்க் கிடக்கிறானோ தெரியேல்லை.”

மெசினுக்கு முன்னால் நிலத்தில் ஒரு மெல்லிய மெத்தையும் தலையணையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆருடையது என்று கேட்டேன்.

“என்ரதான். அவன் வெளியில வாறான் இல்லை. அப்ப நான்தானே கிட்டப் போகவேணும்.”

“முழங்கால் நோகாதோ அண்ணை?”

“நோகும்.” அவர் தேநீரைக் குடித்தார். “தங்கச்சி, ஒண்டரை வருசத்துக்கு முந்தி வந்திருந்தா சோபாவில ஏறிப் படுத்திருப்பான், என்ன?”

அவர் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஓம் என்றேன்.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காப்பகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஜோசே கேட்டதால் இதை எழுதுகிறேன். நல்ல வீடு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அது உண்மை அல்ல. கெனலுக்குள் போகும் ஒவ்வொரு மாதமும் நாயிடமிருந்து எதையோ எடுத்துவிடுகிறது, பிறகு எந்த வீடும் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. பொருத்தமான வீட்டைத் தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆள் வந்து கேட்டால், அவருக்கு எது இல்லை என்று பார்ப்பதற்கு முதல் எழும்பி அவரோடு போய் வீட்டுக்காரரிடம் கதையுங்கள். அவசரப்படவேண்டிய இடத்தில் நான் கவனமாக இருந்துவிட்டேன்.